கடலுக்குப் போனவர்

"வீட்டுக்காரர் கடலுக்குப் போனதுக்குப் பிறகு எப்படிச் சமாளிக்கிறீங்கள், அம்மா?"

பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த விஸ்வலிங்கம் இப்படிக் கேட்டதும் வீரம்மா கட்டில் விரிப்பைக் கீழே இழுத்துவிட்டாள். கடலுக்குப் போன அவள் புருசன் சன்னாசி அப்போது அதே அறையில், கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தான்.

லகாட் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை வைத்தபோது அவனுக்கு வேலை போனது. திரங்கானுக் கடலில் எண்ணெய் தோண்டும் மேடையில் சமையல் வேலை கிடைத்ததும், லயத்து வீட்டுச் சனமே திரண்டு மாலை போட்டு அனுப்பியது. அங்கே அலையைப் பார்த்துப் பார்த்து வாந்தியெடுத்தவன், தாங்க முடியாமல் ஓடி வந்துவிட்டான். ஈப்போவில் வேறு வேலை அமையும்வரை வெளியே தலைகாட்டுவதில்லை என்று புருசனும் பெண்டாட்டியும் முடிவு செய்திருந்தார்கள்.

"ஏதோ சமாளிக்கிறேன் லா சார்."

விஸ்வலிங்கம் கொடியைப் பார்த்தார். "ஆம்பிளைக் கைலி ஈரமாக் காயுதே?"

"அவரோடதுதான். நெனப்பு வந்தா எடுத்துத் தொவைப்பேன்."

அவர் கண் கலங்கியது. கடல் எண்ணெய் வந்து குடும்பங்களை என்ன பாடு படுத்துகிறது என்று ஆராயத்தான் அவர் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தார்.

கட்டிலுக்கு அடியில் தும்மல் கேட்டது.

"பூனை, சார்."

பூனை இன்னொரு முறை தும்மிவிட்டு, "முருகா" என்றது.

"நாந்தான் சார்," என்றாள் வீரம்மா அவசரமாக. "தனியா இருந்து இருந்து, அவரு கொரல்ல நானே பேசிக்கிறேன்."

விஸ்வலிங்கம் பேனாவை மூடினார். "இதை இப்பிடியே விடக்கூடாது, அம்மா. தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரியில எனக்குத் தெரிஞ்ச டொக்டர் இருக்கிறார். கார் வாசல்லதான் நிக்குது. இப்பவே போவம்."

வீரம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அதைக் கேட்டதும் சன்னாசி தலையெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்து கைகூப்பினான்.

"அவளுக்கு ஒண்ணுமில்ல சார். நாந்தான் கடலுக்குப் பயந்து ஓடியாந்துட்டேன்."

விஸ்வலிங்கம் சிரிக்கவில்லை. "அதில என்ன வெட்கம்? எனக்கும் படகெண்டாலே தலை சுத்தும்."

"வெளிய சொல்லிடாதீங்க சார். பக்கத்து வீட்டு மச்சானும் நானும் ஒண்ணாத்தான் போனோம். நான் கெளம்புனப்பகூட அவன் சிங்கமாட்டம் அங்கயே நின்னான். அவன் பொண்டாட்டி காதுல இது விழுந்தா என் மானமே போயிடும்."

பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து ஓர் ஆண்குரல் மெல்லக் கேட்டது.

"மச்சான்... நீயும் வந்துட்டியா?"