போகியில் எரிந்த சாய்வு நாற்காலி

மரியாதைக்குரிய ராஜேந்திரன் மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் கீர்த்தனா எழுதுவது. கருங்குழியில் நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும். இங்கே விடிந்தால் பொங்கல். எனக்குச் சோறு இறங்கவில்லை.

எல்லாரும் தூங்குகிறார்கள். போன் அப்பாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது, அதனால்தான் கடிதம். காலையில் பால் வண்டி அப்பாசாமி அண்ணனிடம் கொடுத்தனுப்புவேன். அவர் கண்ணாடி உடைந்துவிட்டதால் பிரித்துப் படிக்க மாட்டார்.

அப்பா பார்த்துக்கொள்ளும் பங்களா அந்தக் காலத்து வெள்ளைக்கார உப்பு இலாகா அதிகாரி கட்டியது. சென்னையிலிருந்து லீவுக்கு வருகிறவர்களுக்கு அது பழசாகவே இருக்க வேண்டுமாம். ஓடு ஒழுகினால்கூட, "அழகா இருக்கு மணி, விடுங்க" என்று அப்பாவிடம் சொல்வார் பங்களா சொந்தக்காரர் ஜெசிந்தா மேடம். கூடத்தில் அந்த அதிகாரியின் சாய்வு நாற்காலி இருந்தது. இன்று விடியற்காலை அப்பா படுக்கை விரிப்பு வாங்க மதுராந்தகம் போயிருந்தார். கூட்ட வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, துணி கிழிஞ்சி, காலு ஆடிகினு கீது? வர்றவங்க நம்மள இன்னா நெனைப்பாங்க? போகியும் அதுவுமா இத வூட்ல வச்சிக்கலாமா?" என்றார்கள். அது மேடத்துடையது என்றேன். "பட்டணத்துல இருக்கறவங்களுக்குப் போகி எங்க ஞாபகம் இருக்கப் போவுது? நாம செஞ்சா சந்தோசப்படுவாங்க. அந்தப் பக்கம் புடி" என்றார்கள். பிடித்தேன். பின்னால் 1892 என்று ஒரு சீட்டு தொங்கியது. பொருள் எண் என்று நினைத்து அதை மட்டும் பத்திரமாகக் கழற்றி வைத்தேன். வாசலில் போட்டுக் கொளுத்தினோம். தெருவே வந்து குளிர் காய்ந்தது. "நல்லா காஞ்ச மரம்" என்று அம்மாவைப் பாராட்டினார்கள். அந்த இடத்தில் அம்மா எங்கள் நீல பிளாஸ்டிக் நாற்காலியைக் கழுவி, குங்குமம் வைத்துப் போட்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் மேடம் அப்பாவிடம் போனில், "அந்த 1892 நாற்காலி பத்திரமா?" என்று கேட்டார். "பத்திரமா கீது மேடம்" என்றார் அப்பா. அப்போதுதான் அது வருஷம் என்று புரிந்தது. கூடத்தைப் பூட்டிவிட்டு, தரை ஈரம் என்று அப்பாவிடம் பொய் சொன்னேன். ராத்திரி பத்து மணிக்கும் ஈரம் என்றேன். "இன்னா தரைமா அது, கடலா?" என்றார்.

காணும் பொங்கலுக்கு மேடம் விருந்தாளிகளோடு வருகிறார். அப்பாவின் வேலை போனால் நாங்கள் குடியிருக்கும் இந்தப் பின்கட்டு அறையும் போகும். மார்ச்சில் எனக்குப் பத்தாவது பரீட்சை. எந்த ஊரில் உட்கார்ந்து படிப்பேன் மாமா?

உங்கள் தச்சுப் பட்டறையில் அதுபோல ஒன்று செய்து தர முடியுமா? முடியாது என்றும் தெரியும். நூறு வருஷம் தாண்டிய மரத்துக்குத் தனி வாசனை உண்டு என்று தீபாவளிக்கு வந்த மேடம் அதை முகர்ந்து பார்த்துச் சொன்னார். இந்தக் காலத்துத் தச்சு வேலை அதன் பக்கத்தில் நிற்காது. தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் வீட்டிலாவது பால் நன்றாகப் பொங்கட்டும்.

பயத்துடன்,
கீர்த்தனா

பின்குறிப்பு: அப்பா எழுந்து வந்து எல்லாவற்றையும் படித்துவிட்டார். அடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "நெஜமான நாற்காலி போன ஆடியிலயே ஒடைஞ்சி போச்சிமா. ஒருநாள் மத்தியானம் நான்தான் ஒக்காந்தேன். உங்க மாமாதான் அதே மாரி செஞ்சி, டீத்தூள் தண்ணி பூசி, எருக்குழியில ஒரு மாசம் பொதைச்சி எட்துகினு வந்தாரு" என்றார். இந்தத் தடவை இரண்டு நாளில் ஆகுமா என்று உங்களைக் கேட்கச் சொன்னார். அம்மாவுக்குத் தெரிய வேண்டாமாம். ஆறு மாசமாக அப்பா தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார். இப்போது நாங்கள் இரண்டு பேர். கடிதம் கிடைத்ததும் மூன்று பேர்.