செல்வகுமாரியின் கை குணமான வரலாறு

மனிதகுல வரலாற்றைக் கற்காலம், இரும்புக்காலம் என்று பிரித்து வைத்தவர்கள் களிம்புக் காலத்தை விட்டுவிட்டார்கள். அந்தப் பொற்காலம் பாகூர்ப் பக்கத்து அரிசி வழங்கும் மையம் ஒன்றில், ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு, டீ வந்த பிறகு முறைப்படி தொடங்கியது.

தொடங்கி வைத்தது செல்வகுமாரியின் கட்டைவிரல். கல்யாண மண்டபத்தில் அண்டா தேய்ப்பவள் அவள். சோடா தூளும் இரும்பு நாரும் பதினெட்டு வருடம் தின்றது போக மிஞ்சியிருந்த கை காய்ந்து, வெடித்து, செதில் செதிலாக உரிந்திருந்தது. ரேகை பார்க்கும் இயந்திரத்தில் விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பத்து விரலையும் வைத்தாள். பத்துக்கும் சிவப்பு.

“இன்னாம்மா, ரேகையவே காணோம்?” என்றார் பொறுப்பு அதிகாரி ராஜ்மோகன்.

“பாத்திரம் தேச்சித் தேச்சிப் போயிடிச்சி சார்.”

“காணாமப் போச்சின்னா கம்ப்ளைண்ட் குடுத்தியா?”

ராஜ்மோகன் நியாயவான். இயந்திரத்தையும் விசாரித்தார். தம் விரலை வைத்தார், பச்சை எரிந்தது. ஆகவே பழுது தோலில்தான் என்று கோப்பில் எழுதினார். பத்தே நாளில் ‘வறள்தோல் புரிதல் மற்றும் மேலாண்மை முகாம்’ கூடியது. ரேகை தொலைத்த பெண்கள் நாற்பத்திரண்டு பேர் வந்தார்கள்.

“ஒண்ணு, ஏசி ரூம்ல ரொம்ப நேரம் உக்காராதீங்க” என்று வாசித்தார் ராஜ்மோகன். பெண்கள் இனி உட்காருவதில்லை என்று தலையாட்டினார்கள். “ரெண்டு, வெந்நீர் ஷவர் கொறைங்க. மூணு, சோடா தூளு கையில படவே கூடாது.”

செல்வகுமாரி எழுந்தாள். “அப்ப அண்டாவ எதுல சார் தேய்க்கறது?”

“அண்டா வேற டிபார்ட்மெண்ட்மா. நம்மளுது தோலு.”

முகாமுக்கு வந்திருந்த டாக்டர் யாமினி மட்டும் அவள் கையை எடுத்துப் பார்த்தார். “ஒரு மாசம் அந்த வேலைக்குப் போவாதீங்கக்கா. கை கழுவி, ஈரம் காயறதுக்குள்ள இந்தக் களிம்பைப் பூசுங்க.”

செல்வகுமாரி தனக்குப் பதிலாக மருமகள் நிவேதாவை மண்டபத்துக்கு அனுப்பிவிட்டு, சொன்னது சொன்னபடி பூசினாள். மாதக் கடைசியில் நிவேதாவின் கல்யாணப் பட்டுப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தடவிப் பார்த்தாள். ஓர் இழைகூட விரலில் மாட்டவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு இன்னொரு தடவை தடவினாள்.

மறுநாள் பையோடு மையத்துக்குப் போய் விரலை வைத்தாள். சிவப்பு.

ராஜ்மோகன் பழைய பதிவைத் திறந்து பார்த்தார். “பத்து வருசத்துக்கு முன்ன எடுத்த ரேகைம்மா இது. இதுல நாலு வெடிப்பு கீது. உன் வெடிப்பு எங்க?”

“நீங்கதான சார் ஆத்தச் சொன்னீங்க?”

“ஆத்தனது சரி. ஆனா நீதான் நீன்னு எப்பிடித் தெரியும்? மறுபடி மண்டபத்துக்குப் போ. அதிகமாவும் வெடிக்க வேணாம், கம்மியாவும் வேணாம். அப்ப எவ்ளோ இருந்திச்சோ, கரெக்டா அவ்ளோ வந்ததும் வா.”

“புதுசா பதிஞ்சிக்கக் கூடாதா?”

“பதியலாமே. அதுக்குப் பழைய ரேகைய வெச்சி சம்மதம் குடுக்கணும்.”

அவள் பையை மடித்தாள். “இரும்மா” என்று ஓர் அறிக்கையை நீட்டினார் ராஜ்மோகன். ‘முகாமால் பூரண குணமடைந்த பயனாளி’ என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. கையெழுத்துப் போடப் பேனாவைக் கேட்டாள்.

“பேனா வேணாம், கைநாட்டு வெய். குணமானது மேலிடத்துக்குக் கண்ணுல தெரியணுமில்ல?”

மையில் தொட்டு வைத்தாள். ஒவ்வொரு கோடும் அச்சு அடித்ததுபோல் விழுந்தது. ராஜ்மோகன் தாளை வெளிச்சத்தில் பிடித்து மகிழ்ந்தார். “அடடா! உன் ரேகைதாம்மா, சந்தேகமே இல்ல!”

“அப்ப அரிசி?”

“அத மெஷினு சொல்லணும்மா” என்று அறிக்கையை உறையில் போட்டு ஒட்டினார்.