ஏழு முரசுக் கச்சேரி

“அக்கா, இந்தப் பன்னிரண்டாவது கச்சேரியை எடுக்கலையா நீங்க?”

வியாழக்கிழமை காலை. மை வாசனை போகாத வார இதழைப் பிடித்தபடி பட்டியலார் கேட்டார்.

“எதுக்கு எடுக்கணும்? பன்னிரண்டுல அது ஒண்ணுதான் படிக்கிற மாதிரி இருந்துச்சு,” என்றாள் பக்கம் வடிவமைக்கும் அக்கா.

“அது டம்மிக்கா!”

அக்காவின் கை மவுஸ் மேல் அப்படியே நின்றது.

அந்த இதழில் ‘வரும் வாரக் கச்சேரிகள்’ பக்கம் பட்டியலாருடையது. நகரத்தில் எங்கே ஆப்பிரிக்க இசை, எங்கே கியூபா பாட்டு, எந்த மண்டபத்தில் மங்கோலியர்கள் தொண்டைக்குள்ளிருந்து இரண்டு குரலில் பாடுகிறார்கள் என்று வாரம் பன்னிரண்டு தகவல் தருவார். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே பட்டியலார் என்று ஆகிவிட்டது. ஏதாவது ஒரு விவரம் வரத் தாமதமானால், அந்த அளவுக்கு ஒரு பொய்க் கச்சேரியை எழுதி இடம் பிடித்து வைப்பார். உண்மை வந்ததும் பொய்யை எடுத்துவிடுவார்கள். இந்த வாரம் உண்மை வரவேயில்லை. அக்கா எடுத்துவிடுவாள் என்று இவர் நினைத்தார். இவர் எழுதினால் நிஜமாகத்தான் இருக்கும் என்று அக்கா நினைத்தாள்.

‘நதிமுகம் குழு. ஏழு ஆப்பிரிக்க முரசுகள், இருபத்தொரு தந்தி கொண்ட கோரா யாழ். சனிக்கிழமை மாலை ஆறு மணி. பழைய கிடங்கு அரங்கம். அனுமதி இலவசம்.’

இதில் உண்மை என்பது அரங்கம் மட்டும்தான்.

போன மாதம் சனிக்கிழமைக் கச்சேரியை ஞாயிறு என்று போட்டு, முப்பது பேரை மழையில் பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கவைத்தவர் அவர். அப்போது ஆசிரியர் அம்மா அவரை அறைக்குக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: “இன்னும் ஒரே ஒரு தப்பு. அப்புறம் நீங்க வீட்டுல உக்காந்து பாட்டு கேக்கலாம்.”

வீட்டில் உட்கார விட்டால்கூடப் பரவாயில்லை. மாமனாரின் குழாய்க் கடையில் அவருக்காக ஒரு ஸ்டூல் காத்திருந்தது. வேலை போகும்போதெல்லாம் மாமனார் அதைத் துடைத்து வைப்பார். “மாப்ள, முக்கால் இஞ்ச் எல்போ எது, ஒரு இஞ்ச் எல்போ எதுன்னு கத்துக்கிட்டா பொழைச்சுக்கலாம்,” என்பார். இது மூன்றாவது வேலை. ஸ்டூல் கனவில்கூட வந்தது.

ஒன்பதே காலுக்கு முதல் போன்.

“அந்த ஏழு முரசுக் கச்சேரி... எத்தனை மணிக்கு முடியும்?” ஆண் குரல், தொட்டிக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் ரகசியமாக.

அப்படி ஒரு கச்சேரியே இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஆசிரியர் அம்மா நிற்பது தெரிந்தது.

“அது... இப்ப முடியும், அப்ப முடியும்னு சொல்ல முடியாதுங்க.”

“ரொம்ப நல்லதாப் போச்சு!” போன் வைக்கப்பட்டது.

அடுத்தது ஒரு பெண். “டிக்கெட் உண்டா?”

“இல்லீங்க, இலவசம்.”

“கையில முத்திரை கித்திரை குத்துவாங்களா?”

“இல்லீங்க.”

“அப்பாடா!”

மதியத்துக்குள் நாற்பது போன். “மூணு வருஷமா உன் பக்கத்தைப் பத்தி ஒரு ஈ காக்கா கேட்டதில்ல. இப்ப என்னடா இது?” என்றாள் அக்கா. பட்டியலார் கணக்குப் போட்டார். நாற்பது பேர். மழையில் நின்றவர்களைவிடப் பத்து பேர் அதிகம்.

வருகிறவர்களைத் தடுக்க ஒரு யோசனை தோன்றியது. மாலையிலிருந்து, “இடமெல்லாம் நிரம்பிடுச்சுங்க,” என்று சொல்ல ஆரம்பித்தார்.

“நிரம்பிடுச்சா? அப்ப ஜோடியா வர முடியாது, இல்ல?”

“முடியாதுங்க.”

“ஒருத்தர் மட்டும் எப்படியாவது ஓரமா நின்னு கேக்கலாம், இல்ல?”

“அது...”

“ரொம்ப நன்றி சார். நீங்க நல்லா இருக்கணும்!”

இடம் இல்லை என்ற செய்தி காற்றில் பரவியது. வெள்ளிக்கிழமை காலை பண்பலை வானொலியில் ஒரு பெண் கொஞ்சும் குரலில், “நண்பர்களே, நகரமே பேசும் ஏழு முரசு!” என்றாள். போன்கள் நூற்றைம்பதைத் தாண்டின. பட்டியலார் அக்காவின் மேசைக்கு ஓடினார்.

“ரத்துன்னு போட்டுடுறேன்க்கா.”

“எப்படிடா? நடக்காத கச்சேரியை எப்படி ரத்து பண்ணுவே?”

“பாடகருக்குத் தொண்டை கட்டிடுச்சுன்னு போடுறேன்.”

“முரசுக் கச்சேரில தொண்டைக்கு என்ன வேலை?”

அதை யோசிக்க நேரமில்லை. இணையப் பக்கத்தில் போட்டுவிட்டார். ஐந்தே நிமிடம்.

“என்ன சார் விளையாடுறீங்களா? வீட்டுல சொல்லிட்டேன் சார்!” ஒருவர் அழாத குறை.

“ரத்து பண்ணா நான் நேர்ல வருவேன்,” என்றார் இன்னொருவர். அவர் சொன்ன விதத்தில் கையில் ஏதோ இருப்பதுபோல் இருந்தது.

கண்ணாடிக் கதவு படாரென்று திறந்தது.

“யாரு அதை ரத்துன்னு போட்டது?” ஆசிரியர் அம்மாவின் முகம் சிவந்திருந்தது.

“மேடம்... தொண்டை...”

“வெந்நீர் குடிக்கச் சொல்லுங்க! கச்சேரி நடக்கணும். நானே போறதா இருக்கேன்.”

பட்டியலார் கணினி முன் உட்கார்ந்தார். ‘தொண்டை சரியாகிவிட்டது’ என்று தட்டச்சு செய்தார்.

இனி ஒரே வழி, கச்சேரியை உண்டாக்குவது. முரசு வகுப்பு நடத்தும் மாஸ்டருக்குப் போன் செய்தார்.

“நாளைக்கா? ஏழு பேரா? என்கிட்ட ரெண்டு முரசு இருக்கு தம்பி. ஒண்ணு கிழிஞ்சது.”

கிடங்கு அரங்கத்தின் மேலாளருக்குப் போட்டார்.

“தரைக்கு வார்னிஷ் அடிச்சிருக்கோம் சார். செவ்வாய்க்கிழமை வரைக்கும் யாரும் கால் வைக்கக் கூடாது. வெளியில பூட்டிச் சாவியை நான் ஊருக்கு எடுத்துட்டு வந்துட்டேன்.”

இரவெல்லாம் கண்ணை மூடினால் கூட்டம் வந்தது. வார்னிஷ் தரையில் இருநூறு பேர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். நடுவில் மாமனார் ஸ்டூலோடு நின்றார்.

“ஏங்க, ஒரு மாதிரி இருக்கீங்க?” என்று மனைவி கேட்டாள்.

“வேலை ஜாஸ்தி,” என்றார். விஷயத்தைச் சொன்னால் அது காலைக்குள் குழாய்க் கடைக்குப் போய்விடும்.

சனிக்கிழமை நாலரைக்கே கிடங்கு வாசலில் போய் நின்றார். சட்டைப் பையில் மன்னிப்புக் கடிதம். கூட்டம் சேர்ந்ததும் படியில் ஏறி நின்று உரக்கப் படித்துவிடுவது, பிறகு ஓடுவது என்று முடிவு. எந்தத் தெரு வழியாக ஓடினால் சீக்கிரம் பேருந்து கிடைக்கும் என்பதையும் பார்த்து வைத்திருந்தார்.

ஐந்தரை. யாருமில்லை.

ஆறு. தெருமுனையில் ஒரு காலடிச் சத்தம் கேட்டதும் கடிதத்தை உருவினார். குப்பை போட வந்த ஆள். போட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆறரை. ஏழு. போன் செய்த இருநூறு பேரில் ஒருவர்கூட வரவில்லை. ஆசிரியர் அம்மாவும் வரவில்லை. கூட்டம் வந்தால் பயம் என்று நினைத்திருந்தார். வராதது அதைவிடப் பயமாக இருந்தது. எல்லோருக்கும் தெரிந்துவிட்டதா? எல்லோரும் நேராக அலுவலகத்துக்குப் போய்விட்டார்களா?

பையில் போன் அதிர்ந்தது. ஆசிரியர் அம்மா.

“கச்சேரிலதானே இருக்கீங்க?” குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

“ஆ... ஆமா மேடம்.”

“என்ன வாசிக்கிறாங்க?”

“மூணாவது முரசு மேடம்.”

“சத்தத்தையே காணோம்?”

“இடைவேளை மேடம்.”

அந்தப் பக்கம் சீட்டுக்கட்டைக் கலைக்கும் சத்தம் கேட்டது. “மேடம், உங்க ஆட்டம்!” என்று யாரோ கூப்பிட்டார்கள்.

“இருங்கப்பா... தம்பி, நான் வந்திருந்தேன், முன் வரிசையில இருந்தேன். புரியுதா? வீட்டுக்காரர் எப்படி இருந்துச்சுன்னு கேப்பார். நாலு வரி எழுதி உடனே அனுப்புங்க.”

“சரி... சரிங்க மேடம்.”

“இதே மாதிரி மாசத்துக்கு ஒண்ணு கண்டுபிடிச்சுப் போடுங்க. டிக்கெட் இல்லாததா, லேட்டா முடியறதா. அந்தப் பக்கம் இனிமே நிரந்தரமா உங்களுதுதான்.”

போன் அணைந்தது. பட்டியலார் படியில் உட்கார்ந்தார். எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள்; அரங்கத்துக்கு எப்படி வருவது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அத்தனை பேருக்கும் வேண்டியது கச்சேரி அல்ல, கச்சேரிக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்ல ஒரு கச்சேரி!

முதலில் லேசாகத்தான் சிரித்தார். பிறகு வயிறு குலுங்கியது. கடிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டார். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் போகும் அளவுக்குச் சிரித்தார். பாவம், எத்தனை அப்பாவிகள் இந்நேரம் வீட்டில் நம்பி உட்கார்ந்திருப்பார்களோ!

சீட்டியடித்துக்கொண்டே படியேறினார். கதவைத் திறந்தது ஊரிலிருந்து வந்திருந்த மாமியார்.

“அவ எங்க அத்தை?”

“உங்க பத்திரிகையில போட்டிருந்தீங்களே மாப்ள, அந்த முரசுக் கச்சேரிக்குத்தான் போயிருக்கா. இப்பதான் போன் பண்ணா, அஞ்சாவது முரசு அடிச்சிட்டிருக்காங்களாம், வர நேரமாகுமாம்.”