அந்தப் பக்கத் திரை

மனிதனுக்கு இரண்டு கண்கள் எதற்காகப் படைக்கப்பட்டன என்ற கேள்விக்கு, கடந்த ஏப்ரல் பதினோராம் தேதி காலை பத்தேகாலுக்கு, கனடாவின் ரெஜைனா நகரில் எங்கள் அலுவலகத்தின் நான்காம் மாடியில் விடை கிடைத்தது. அதுவரை வாழ்ந்த தலைமுறைகள் இரண்டு கண்களாலும் ஒரே திரையைப் பார்த்து, ஒரு கண்ணை வீணடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

நாங்கள் ஆலங்கட்டி மழைக்குக் காப்பீடு தருகிறவர்கள். எங்கள் சஸ்காட்செவன் மாநிலத்தில் கோதுமையும் கனோலா என்ற எண்ணெய்வித்தும் விளையும்வரை ஆலங்கட்டியும் விழும். அது விழும்வரை நாங்களும் இருப்போம். என் பெயர் லாயிட். நிறுவனத்தின் உள் இதழை இருபத்திரண்டு ஆண்டுகளாக எழுதி வருகிறேன். அதில் இதுவரை எதையும் குறைசொன்னதில்லை. அந்த மரபை இங்கும் காப்பாற்றுவேன்.

அன்று காலை, மின்னணு மாற்றத்துக்கான துணைத் தலைவர் டார்வின் ஹால்வர்சன், நாற்பது பேர் முன்னிலையில் ஒரு மடிக்கணினியைத் திறந்தார். மேலே திரை இருந்தது. கீழே, விசைப்பலகை இருக்க வேண்டிய இடத்தில், இன்னொரு திரை இருந்தது. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது.

"விசைப்பலகை எங்கே?" என்று கணக்குப் பிரிவிலிருந்து ஒரு குரல்.

"தனியா பையில இருக்கு."

"அதை எங்க வெக்கிறது?"

"கீழ்த்திரை மேல."

"அப்ப கீழ்த்திரை?"

"அது பாட்டுக்கு அடியில இருக்கும்."

எல்லோரும் கைதட்டினோம். புரியாத இடத்தில் கைதட்டுவது எங்கள் நிறுவனத்தின் அடிப்படை விழுமியங்களில் மூன்றாவது.

பிறகு டார்வின் அந்தக் கருவியின் உச்ச சிறப்பைக் காட்டினார். அதைக் கூடாரம் போலக் கவிழ்த்து நிறுத்தினார். ஒரு திரை அவரைப் பார்த்தது, மற்றது எங்களைப் பார்த்தது.

"வாடிக்கையாளர் அந்தப் பக்கம், நாம இந்தப் பக்கம். அவங்க பார்க்கவேண்டியதை அவங்க பார்ப்பாங்க. நாம பார்க்கவேண்டியதை நாம பார்ப்போம். இதுக்குப் பேருதான் 'வெளிப்படைத்தன்மை'."

"மேலே கூட்டம், கீழே வேலை" என்பது திட்டத்தின் முழக்கம். பலன் உடனே தெரிந்தது. ஒரு நேரத்தில் ஒரு கூட்டத்தில் மட்டுமே கவனமில்லாமல் இருக்க முடிந்த ஊழியர்கள், இப்போது ஒரே நேரத்தில் இரண்டு கூட்டங்களில் கவனமில்லாமல் இருந்தார்கள். "சாரி, இன்னொரு தடவை சொல்றீங்களா?" என்ற சொற்றொடர் நான்காம் மாடியில் இரட்டிப்பானது. நாங்கள் கனடாக்காரர்கள், மேசைக்காலில் இடித்துக்கொண்டால் மேசையிடமே சாரி சொல்கிறவர்கள். ஆகவே இந்த உயர்வை யாரும் கவனிக்கவில்லை. கருவியின் எடையும் இரட்டிப்பு. மின்கலம் மட்டும் பாதி நேரம் ஓடியது. ஆக, ஊழியர்கள் சுவரோரமாகச் செருகுதுளையைத் தேடி நடந்தார்கள், உடற்பயிற்சியும் கிடைத்தது.

ஒவ்வொரு திங்களும், யார் எவ்வளவு நேரம் இரண்டாம் திரையைப் பயன்படுத்தினார்கள் என்ற பட்டியல் காப்பி இயந்திரத்துக்கு மேலே ஒட்டப்பட்டது. எல்லோரும் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல். எனக்குத் தொண்ணூற்று நான்கு. பழைய கர்லிங் ஆட்டங்களை முதன்முறையாக ஒழுங்காகப் பார்க்கிறேன். பனிக்கட்டி மேல் கல்லைத் தள்ளிவிட்டு, அதன் முன்னால் இரண்டு பேர் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டே ஓடுகிற அந்த ஆட்டத்தைக் கீழ்த்திரையில் பார்ப்பதில் ஓர் இயல்பு இருக்கிறது.

பட்டியலின் அடியில் ஒரே ஒரு பூஜ்யம் இருந்தது. டோரீன் மெல்னிக்.

டோரீன் வயல் மதிப்பீட்டாளர். முப்பத்தொரு ஆண்டுகளாக அடிபட்ட வயல்களில் முட்டிபோட்டு, ஓர் இடத்துக்கு நூறு தண்டுகள் என்று ஐந்து இடங்களில் எண்ணி, எத்தனை ஒடிந்தன என்று எழுதுகிறவர். கையில் கிளிப் வைத்த ஒரு மர அட்டை, காதில் பென்சில். கருவியைக் கொடுத்த அன்றே வாங்கிக்கொண்டு நன்றி சொல்லி, வண்டியின் பின் இருக்கையில் வைத்து இருக்கைப் பட்டியும் போட்டுவிட்டார்.

இந்தப் பூஜ்யம் நிர்வாகத்தை வாட்டியது. ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, டார்வினே நேரில் வயலுக்கு வந்து டோரீனுக்குச் செய்துகாட்டுவது என்று முடிவானது. படம் எடுத்துப் பாராட்டி எழுத நானும் போனேன்.

வயல் கார்னி டைக் என்பவருடையது. ஞாயிற்றுக்கிழமை விழுந்த ஆலங்கட்டியில் அவருடைய கனோலா பாய் விரித்ததுபோல் கிடந்தது. டார்வின் கருவியைத் திறந்தார். வெயிலில் இரண்டு திரைகளிலும் டார்வினின் முகம்தான் தெரிந்தது.

"ரெண்டு டார்வின்," என்றார் டோரீன். "ஒண்ணுக்கே நாங்க படுறது போதாதா?"

"சாரி, நிழலுக்குப் போயிடுவோம்."

"இது சஸ்காட்செவன்ப்பா. நிழல் பக்கத்து மாநிலம் அல்பர்ட்டாவுலதான் இருக்கு."

மடியில் வைக்கப் பார்த்தார், கீழ்த்திரை வழுக்கியது. விசைப்பலகை சேற்றில் விழுந்தது. கண்ணாடியில் தட்டச்சு செய்ய முயன்றார்; கையிலிருந்த ஈரத்தைக் கருவி இன்னொரு விரலாக எடுத்துக்கொண்டு தானும் எழுதியது. கடைசியில் தன் பிக்கப் வண்டியின் பின்கதவை இறக்கி, அதன்மேல் கூடாரமாக நிறுத்தினார். கார்னியின் பக்கம் ஒரு சூரிய உதயமும், 'உங்கள் துயரில் நாங்கள் உடன் நிற்கிறோம்' என்ற வரியும் வந்தன.

கார்னி கருவியின் மறுபக்கத்தைச் சுட்டிக்காட்டினார்.

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"அது உள்விஷயம்."

"என் வயல்தானே?"

"வயல் உங்களோடது. விஷயம் எங்களோடது. சாரி."

"அப்ப கையெழுத்து என்னோடது. போட மாட்டேன். அங்க என்ன தெரியுதோ அதே இங்கயும் தெரியணும்."

டார்வின் வேறு வழியில்லாமல் 'இரு பக்கமும் ஒரே காட்சி' என்ற பொத்தானை அழுத்தினார். மின்கலம் தீர்ந்து இரு பக்கமும் ஒரே இருட்டு தெரிந்தது.

டோரீன் காலையிலேயே எண்ணி எழுதியிருந்த தன் அட்டையைத் திருப்பிக் கார்னியிடம் நீட்டினார். "பாருங்க, நூத்துக்கு அறுபத்திரெண்டு போச்சு."

"அறுபத்தஞ்சு இருக்கும், டோரீன்."

"வாங்க, எண்ணிப் பார்த்துடுவோம்."

இருவரும் முட்டிபோட்டு எண்ணினார்கள். அறுபத்து மூன்று வந்தது. கார்னி கையெழுத்துப் போட்டார். இந்தப் பழைய முறையால் எவ்வளவு நேரம் வீணாகிறது என்பதைக் குறித்துக்கொண்டேன்: பன்னிரண்டு நிமிடம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு டோரீனுடன் 'பாதை மாற்ற உரையாடல்' என்று எனக்கு அழைப்பு வந்தது. எங்கள் நிறுவனத்தில் யாரையும் வேலையைவிட்டு அனுப்புவதில்லை, பாதையைத்தான் மாற்றுவோம். விதிப்படி ஒரு சாட்சி இருந்து குறிப்பெழுத வேண்டும், அதில் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். பணியாளர் பிரிவுக்காரர் மீன்பிடிக்கப் போயிருந்ததால் அந்தப் பெருமை எனக்கு வந்தது.

டோரீன், ருபார்ப் என்ற புளிப்புத் தண்டை வைத்துச் சுட்ட ஓர் இனிப்புப் பலகாரத்துடன் வந்தார். எந்தக் கூட்டம் என்றாலும் அவர் எதையாவது சுட்டு எடுத்துக்கொண்டு வருவார். மேசைமேல் கருவி கூடாரமாக நின்றது, மின்சாரத்தில் செருகப்பட்டு. டார்வின் அந்தப் பக்கம். டோரீனும் நானும் இந்தப் பக்கம். டோரீன் பார்க்க வேண்டியது சூரிய உதயம்.

ஆனால் நேற்று அழுத்திய பொத்தானை டார்வின் மறந்திருந்தார்; அவர் படிக்க வேண்டிய குறிப்பு எங்கள் பக்கமும் தெரிந்தது.

"இந்த வாரம் வெக்கை ஜாஸ்தி, இல்லையா?" என்றார் டார்வின், தன் திரையைப் பார்த்தபடி.

டோரீன் வாசிப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "வானிலையைப் பத்தி ஒரு நிமிஷம் பேசணும்னு போட்டிருக்கு. அவ்வளவு இருக்கா அதுல?"

"சாரி?"

"அதைச் சொல்லக்கூடாதாம்ப்பா. நாலாவது வரி. 'எக்காரணம் கொண்டும் சாரி சொல்லக்கூடாது, சட்டப் பிரிவு'."

டார்வினின் முகம் வெளுத்தது. "ஐயோ, சாரி..."

"ரெண்டு."

பிறகு டோரீன் விரலை வைத்துத் திரையை மேலே தள்ளினார். இரு பக்கமும் ஒரே காட்சி அல்லவா? டார்வினின் பக்கமும் எழுத்துகள் அவர் பேச்சைக் கேட்காமல் ஓடின. அவர் பிடித்து நிறுத்தப் பார்த்தார். டோரீன் மறுபடி தள்ளினார். கல்லைத் தள்ளுகிறவர் ஒருவர், முன்னால் பெருக்குகிறவர் ஒருவர். கீழ்த்திரையில் நான் எத்தனையோ ஆட்டங்கள் பார்த்திருக்கிறேன். இவ்வளவு விறுவிறுப்பு இருந்ததில்லை.

"'அழுதால் டிஷ்யூ பெட்டியை இடது கையால் நகர்த்தவும்.' ஏன் இடது கை?"

"வலது கையில கடிதம் இருக்கும்," என்றார் டார்வின், பழக்கத்தில் உண்மையைச் சொல்லி.

ஒன்பதாவது வரியில் டோரீனின் விரல் நின்றது. அதை அவர் சத்தமாகப் படிக்கவில்லை. வெறுமனே பார்த்தார். இருபத்திரண்டு ஆண்டில் அவர் எதையும் எண்ணாமல் பார்த்து நான் கண்டதில்லை. நானும் படித்தேன்: 'சொல்ல வேண்டிய காரணம்: இரண்டாம் திரைப் பயன்பாடு பூஜ்யம். உள்குறிப்பு, வெளியே சொல்லக்கூடாது: இவர் விவசாயிகளுக்குக் கணக்கைக் காட்டிவிடுகிறார்.'

"லாயிட்," என்றார் டோரீன் என்னைப் பார்க்காமல். "ஒன்பதாவது வரியை அப்படியே குறிப்புல எழுதிக்கோ. ஒரு எழுத்து விடாத."

"லாயிட், வேண்டாம்," என்றார் டார்வின்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக வேண்டாம் என்றதை எழுதாமலே வளர்ந்தவன் நான். ஆனால் பலகாரத்தின் மணம் அறை முழுக்க இருந்தது. எழுதினேன். காகிதத்தில், டோரீனிடம் கடன் வாங்கிய பென்சிலால். கருவியில் எழுதலாம்தான், விசைப்பலகை பையில் இருந்தது.

"இப்ப கையெழுத்துப் போடு டார்வின்," என்றார் டோரீன். "நீ போட்டா நானும் போடுறேன். போட்டுட்டு அப்படியே என் பாதையில போயிடுறேன். இந்தக் காகிதத்தோட நான் போற பாதை கார்னி டைக் வீட்டு வழியாத்தான் இருக்கும், அவ்வளவுதான்."

டார்வின் காகிதத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். இரண்டிலும் ஒரே செய்தி இருந்தது.

"உரையாடலை ஒத்திவைக்கலாம்," என்றார்.

"எவ்வளவு நாளைக்கு?"

"நான் ஓய்வுபெறுற வரைக்கும்."

"பலகாரம் சாப்பிடு," என்றார் டோரீன். "ஆறிடும்."

சாப்பிட்டார். இரண்டு துண்டு.

டோரீன் இன்றும் வயலில் இருக்கிறார். கருவியையும் பயன்படுத்துகிறார். திறந்து, கீழ்த்திரைமேல் தன் அட்டையை வைத்து எழுதுகிறார். அளவு கச்சிதமாக இருக்கிறதாம். எழுதும் கை கண்ணாடியில் ஊன்றுவதை இயந்திரம் ஓயாத உழைப்பு என்று எடுத்துக்கொண்டது. இரண்டாம் திரைப் பயன்பாடு தொண்ணூற்றேழு விழுக்காடு. இந்த ஆண்டின் 'சிறந்த இரு திரையாளர்' சான்றிதழை டார்வின் கையாலேயே பெற்றார். கைதட்டினோம்.

இந்த அனுபவத்திலிருந்து நிர்வாகம் பாடம் கற்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மறுவாரமே சுற்றறிக்கை எண் பதினான்கு வந்தது: 'உரையாடல் தொடங்கும்முன், இரு திரைகளிலும் வெவ்வேறு செய்திகளே தெரிகின்றன என்பதை அனைத்து மேலாளர்களும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.' கீழே அதே சூரிய உதயம்.

அதைப் பாராட்டி முதல் பக்கத்தில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் கார்னி டைக்கின் கேள்விதான் எழுதவிடாமல் தொந்தரவு செய்கிறது. சுற்றறிக்கையும் சூரிய உதயமும் ஊழியர்களான எங்கள் பக்கத் திரையில் வந்தவை.

அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?