சம்பந்தி வீட்டார் உட்காரும் நாற்காலிகள்

குழித்துறை,
ஜூன் 15, திங்கள்.

கர்த்தருக்குள் பிரியமான சம்பந்தி ஞானதாசன் சார் அவர்கள் சமுகத்துக்கு, யேசுரத்தினம் வணக்கமாய் எழுதுவது. இங்கு நானும் வீட்டுக்காரி செல்லபாயும் மகள் சுஜியும் சுகம். நெய்யூரில் நீங்களும் அம்மாவும் மாப்பிள்ளை எபிசனும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். வியாழக்கிழமை கல்யாணத்தை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை கடிதம் எழுதுகிறானே, என்ன விபரீதமோ என்று பதற வேண்டாம். பெண்ணுக்கு ஒன்றுமில்லை. நகைக்கு ஒன்றுமில்லை. சர்ச்சும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நாற்காலிதான் பிரச்சினை.

போனில் சொல்லலாம்தான். ஆனால் நீங்கள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறவர். வாட்ஸ்அப்பில் எழுதினால் கை தவறிக் கல்யாண குரூப்பில் போய் விழும். அதில் இருநூற்றுப் பதினாறு பேர் இருக்கிறார்கள். அதனால் கூரியரில் அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

நான் குவைத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் இருபத்திரண்டு வருஷம் சோபா, நாற்காலி, கார்ப்பெட் கழுவும் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தது உங்களுக்குத் தெரியும். ஊருக்கு வந்து அதே தொழிலைத் தொடங்கி, ஆறு மாதத்தில் பதினொரு சோபாவும் ஒரு பல் டாக்டரின் நாற்காலியும் கழுவியிருக்கிறேன். நம் கல்யாண மண்டபத்தில் நானூற்றி எண்பது குஷன் நாற்காலி. பத்து வருஷத்துப் பிரியாணியும் பாயசமும் அவற்றில் உண்டு. கமிட்டிக்காரர்கள் கழுவ ஆள் தேடுகிறார்கள் என்று கேட்டதும், என் மகள் கல்யாணத்துக்கு முன்னால் முடித்துத் தருகிறேன் என்று நானே போய்ச் சொல்லிவிட்டேன். உள்ளதைச் சொல்வதென்றால், உங்கள் வீட்டு ஆட்கள் உட்கார்ந்துவிட்டு, யார் கழுவினது, இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று கேட்க வேண்டும், பெண்ணின் அப்பாதான் என்று யாராவது சொல்ல வேண்டும். அந்த ஆசைதான் என்னைக் கெடுத்தது.

சார்ட் பேப்பரில் திட்டம் போட்டேன். நான்கு ஆள், ஒரு நாற்காலிக்கு நான்கு நிமிஷம், வெள்ளிக்கிழமை ஒரே பகலில் கழுவி முடியும். காய்வதற்கு இரண்டு மணி நேரம். இந்த இரண்டு மணி நேரம் குவைத் கணக்கு. அங்கே ஜூன் மாதம் நாற்காலியை வெளியே வைத்துவிட்டுச் சாயா குடித்துத் திரும்பினால் காய்ந்திருக்கும், சில சமயம் நிறமும் வெளுத்திருக்கும். எனக்கு லீவு கிடைத்ததெல்லாம் டிசம்பரில்தான். ஊரில் ஜூன் என்றால் விடாத மழை என்பதே மறந்துபோயிருந்தது. பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் ஏறுகிறது என்று பேப்பரில் படித்து ஜில்லாவே சந்தோஷப்படுகிறது. நான் ஒருவன் அந்தப் பேப்பரைக் கிழித்து நாற்காலிகளுக்கு அடியில் விரித்துக்கொண்டிருக்கிறேன்.

திட்டத்தில் இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தேன். நேரம் மிச்சமாகட்டும் என்று எல்லா நாற்காலிக்கும் முதலிலேயே சோப்பு போட்டுவைத்தேன். தண்ணீரை உறிஞ்சி எடுக்கிற மெஷின் எண்பதாவது நாற்காலியில் புகைந்து நின்றுவிட்டது. மீதி நானூறும் நுரை தள்ளிக்கொண்டு என்னைப் பார்க்கிறது. வேறு வழியில்லாமல் ஹோஸ் பிடித்து அடித்தோம். முன்வரிசைகளில் உங்கள் பக்கத்துக்கென்று நூற்றி இருபது நாற்காலி தனியாக வைத்திருந்தேன். மரியாதைக்காக அவற்றுக்கு மட்டும் இரண்டு தடவை சோப்பு, மூன்று தடவை தண்ணீர். அதனால் மண்டபத்திலேயே அதிக ஈரம் உங்கள் பக்கம்தான். செல்லபாய் வந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "குவைத்து வெயிலையும் பொட்டியில கெட்டிக் கொண்டுவந்திருக்கியளா?"

சனிக்கிழமை கொஞ்சம் வெளிச்சம் வந்ததே என்று அறுபது நாற்காலியை முற்றத்தில் இறக்கினோம். அறுபதாவதை வைக்கும்போது மழை தொடங்கியது. ஃபேன் போட்டால் கரண்ட் போகிறது. என்னிடம் வேலை செய்யும் மகேஷ்குமார், ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைப்புரையில் வைத்தால் ஒரே நாளில் காயும் என்றான். இருபது நாற்காலி அனுப்பினேன். நன்றாகவே காய்ந்து வந்தன, ஆனால் பக்கத்தில் நின்றாலே ரப்பர் வாடை. அந்த இருபதையும் எங்கள் பக்கத்துக்குப் போட்டுவிட்டேன். என் தம்பிமார் எல்லோரும் ரப்பர் வெட்டுகிறவர்கள், வித்தியாசம் தெரியாது.

மற்றவை மேலே தொட்டால் காய்ந்ததுபோலத்தான் இருக்கின்றன. ஆள் உட்கார்ந்து பத்து நிமிஷமானால் உள்ளே ஸ்பாஞ்சிலிருந்து தண்ணீர் மெதுவாக ஏறி வருகிறது. துணி மெரூன் நிறம், அந்தச் சாயமும் கூடவே வருகிறது. நேற்று ஆராதனை முடிந்து வந்து வெள்ளை வேட்டியோடு நானே உட்கார்ந்து பார்த்தேன். எழுந்து நடந்தபோது செல்லபாய் பின்னாலிருந்து பார்த்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

உங்கள் வீட்டு ஆண்கள் வெள்ளை வேட்டி, பெண்கள் சந்தன நிறப் பட்டு. போதகர் ஐயாவோ தலை முதல் கால் வரை வெள்ளை. இவர்களெல்லாம் பின்னால் மெரூன் வட்டத்தோடு வரிசையாகப் போட்டோவுக்கு மேடை ஏறுவதை நினைத்துப் பாருங்கள். சுஜி உங்கள் வீட்டில் வாழ வேண்டியவள். என் பெருமைக்காக நான் செய்த காரியத்துக்கு அவள் ஆயுசு முழுக்கக் கேலி கேட்கக் கூடாது. சம்பந்தி, எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

ஆகையால் பெரிய மனது பண்ணி, ஏதாவது காரணம் சொல்லி, உங்கள் ஆட்களைக் கடும் நிறத்தில் உடுத்தி வரச் சொல்லுங்கள். கருநீலம் உத்தமம். மெரூன் இருந்தால் அதைவிட உத்தமம். ஹெட்மாஸ்டராக இருந்த உங்களுக்குப் பொய் சொல்லுவது கஷ்டம் என்பது தெரியும், பிள்ளைகள் உங்களிடம் சொன்ன பொய்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எபிசனும் அம்மாவும் அறிய வேண்டாம். வியாழன் வரை நீங்களும் மண்டபத்துப் பக்கம் வராமல் இருந்தால் நல்லது.

கர்த்தர் இரண்டு வீட்டையும் சமாதானத்தில் காத்து, இரண்டு நாளாவது சுள்ளென்று வெயில் அடிக்கக் கிருபை செய்வாராக.

இப்படிக்கு,
உங்கள் தாழ்மையுள்ள சம்பந்தி,
யேசுரத்தினம்.

பின்குறிப்பு: கவரை ஒட்ட மண்டபத்தில் பசை தேடிக்கொண்டிருக்கும்போது நீங்களே ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டீர்கள், புத்தம் புது வெள்ளை வேட்டியில். மார்த்தாண்டத்துக்கு வந்தேன், சும்மா எட்டிப் பார்க்கலாமே என்றீர்கள். வந்த சம்பந்தியைப் பார்த்து உட்காராதே என்று சொல்ல எந்த நாக்கு வளையும்? பழக்கதோஷத்தில் "இரிங்க சம்மந்தி" என்று நானே சொல்லித் தொலைத்தேன். நீங்களும் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டீர்கள். இப்போது இருபத்தைந்து நிமிஷமாகிறது. "ஏசி போட்டிருக்கியளா, நல்ல குளிர்ச்சியா இருக்கே" என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். எதிரில் நின்று நான் எழுதுவது பந்திக்கான லிஸ்ட் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மேலே எழுதிய ஒன்றுக்கும் இனி அர்த்தமில்லை. ஆனாலும் வாயால் சொல்ல வராததால் இதை உங்கள் கையிலேயே தருகிறேன். உட்கார்ந்தபடியே முழுவதும் படியுங்கள். வாசலில் உங்கள் ஆட்டோவில் கல்யாண வீடியோக்காரர் கேமராவோடு இருப்பதை இப்போதுதான் பார்த்தேன். செல்லபாய் என் பச்சைக் கைலியை எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருக்கிறாள். அவள் வந்து சேரும்வரை தயவுசெய்து எழுந்திருக்க வேண்டாம்.