கர்ட் துரையின் விசாவும் பூஜை போட்ட மெஷினும்

சும்மா இருப்பதும் ஒரு திறமைதான். அந்தத் திறமை எனக்குக் கிடையாது என்பது இருபத்திரண்டு வயதிலேயே சர்க்கார் கோப்பில் பதிவாகிவிட்டது.

ஐம்பதுகளின் நடுவில், திருவள்ளூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் மணித் தொழிற்சாலையில் நான் டைப்பிஸ்ட். (தொழிற்சாலை என்பது மரியாதைக்கு. பெரிய தகரக் கொட்டகை.) முதலாளி பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துக்காரர். எல்லாருக்கும் அவர் ‘பாய்’. தகடு அழுத்தும் மெஷின் ஒன்றை அவர் ஜெர்மனியிலிருந்து வரவழைத்தார். அதைப் பூட்டி ஓட்ட கர்ட் என்ற மெக்கானிக்கும் கூடவே வந்தார். எங்களுக்குக் கர்ட் துரை.

துரை என்றதும் தொப்பி, கோட்டு என்று நினைத்துவிடாதீர்கள். சீக்கிரமே லுங்கிக்கு மாறிவிட்டார். மெஷின் ஆட்களிடமே தமிழ் கற்றதால், “இன்னா பாய், நாஷ்டா துன்னாச்சா?” என்றுதான் முதலாளியையே விசாரிப்பார்.

இரண்டாம் வருஷம் இடி விழுந்தது. இந்த வேலைக்கு உள்ளூரிலேயே ஆள் இருப்பதால் துரையின் விசாவை நீட்டிக்க முடியாது என்று தாக்கீது வந்தது. அடுத்த கப்பலில் ஏற வேண்டியதுதான். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை.

“ஊர்ல ஊடும் இல்ல, ஆளும் இல்ல. சண்டையில எல்லாம் பூடுச்சி. நான் எங்க போவ?” என்றார்.

அப்பீல் எழுதும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ‘இவரின்றி இம்மெஷின் அசையாது. எந்த நாள், எந்த வேளை வந்தாலும் நேரில் காணலாம்’ என்று இங்கிலீஷில் வெளுத்து வாங்கினேன். நேரில் பார்க்க அதிகாரி வருவதாகச் சொன்ன தேதிக்கும் உடனே சம்மதம் எழுதினேன். காலண்டரைப் பார்க்கவில்லை. (பார்ப்பவன் டைப்பிஸ்டாகவா இருப்பான்?)

அது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். லீவன்று ஆள் சேராது என்று முந்தின நாளே கொட்டகையில் பூஜை போட்டுவிடுவது எங்கள் வழக்கம். போட்டுவிட்டால் விஜயதசமி வரை மெஷினை யாரும் தொடக் கூடாது. எனக்கு இது உறைத்தது, அன்று காலை வாசலில் பூசணிக்காயைப் பார்த்தபோதுதான். மேஸ்திரி முனுசாமி அண்ணனிடம், அதிகாரி பார்த்துவிட்டுப் போகும்வரை பூஜையை நிறுத்தி வைக்கும்படி கெஞ்சிவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். ரயில் தாமதம். அதிகாரியை ஜட்காவில் அழைத்து வந்தபோது மெஷின் மாலையும் குங்குமமுமாகக் கல்யாணப் பெண்போல நின்றது. இரு பக்கமும் வாழைக்கன்று. எதிரே கர்ட் துரை, நெற்றி நிறையப் பட்டையுடன் பொரி மென்றுகொண்டிருந்தார்.

“நல்ல நேரம் போய்க்கினு இருந்திச்சிபா. உன் ரயிலுக்காவ சாமி காத்துக்கினு இருக்குமா?” என்றார் முனுசாமி அண்ணன்.

அதிகாரி வெள்ளைவெளேரென்று கோட்டு போட்டிருந்தார். “ஓட்டிக் காட்டுங்க. இல்லேன்னா, வேலையை நேர்ல பார்க்கலைன்னுதான் நான் எழுதணும்” என்றார்.

பாயைப் பார்த்தேன். “நான் பொரிகடலைக்குக் காசு குடுக்கிற ஆளு. இன்னிக்கு இங்க முதலாளி முனுசாமிதான்” என்று கைவிரித்தார். கடைசி நம்பிக்கையாகத் துரையிடம் போனேன். ஐரோப்பாக்காரர், இதையெல்லாம் பார்ப்பாரா?

“மிசினுக்கு ரெஸ்ட்டு. தொட்டா சாமி கோச்சிக்கும்” என்றார் துரை.

அவர் கப்பல் என் கண்முன்னே ஊதியது. அப்போதுதான் என் மூளை சட்டம் பேசியது: என் ஆயுதம் டைப்ரைட்டர். மெஷினைத் தொட்டால் எனக்கு எப்படிப் பாவம் வரும்? யாரும் தடுப்பதற்குள் சுவிட்சைப் போட்டுவிட்டேன்.

முதலில் மாலை சுற்றியது. பிறகு ஒரு வாழைக்கன்று வேரோடு, ஈர மண்ணோடு பெல்ட்டில் சிக்கிச் சுழன்று வந்தது. குங்குமத் தட்டையும் பொரிக் கூடையையும் ஒரே வீச்சில் அடித்தது. “சாமி குத்தம்!” என்று மொத்தக் கொட்டகையும் வாசலுக்கு ஓடியது. (முன்னால் ஓடியவன் நான்.) கர்ட் துரை ஒருவர்தான் உள்ளே பாய்ந்து, ஒரு கட்டையால் பெல்ட்டைத் தள்ளிக் கழற்றி, மெஷினை நிறுத்தினார்.

அதிகாரி செக்கச்செவேலென்று நின்றார். காதில் பொரி. அதைத் தட்டிவிட்டுத் துரையிடம் கேட்டார்: “இதை ஓட்ட இந்த ஊர்ல வேற ஆளே இல்லையா?”

பொய் சொல்லத் தெரியாத மனிதர் துரை. “கீறாங்க சார்” என்றார். என் உயிர் போயிற்று. பிறகு என்னைச் சுட்டிக் காட்டினார். “ஆனா இவனும் இங்கதான் கீறான்.”

விசா நீண்டது. ‘உள்ளூர்ச் சிப்பந்திகள் வசம் இம்மெஷினை ஒப்படைப்பது உயிருக்கு ஆபத்து. நேரில் அனுபவித்தேன்’ என்று அதிகாரி எழுதியிருந்தாராம். தனக்கும் சேர்த்துக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்தேன் என்று முனுசாமி அண்ணன் தீபாவளி வரை என்னோடு பேசவில்லை.

கர்ட் துரை கடம்பத்தூரில் வீடு பிடித்து, கடைசிவரை இங்கேயே இருந்தார். வருஷா வருஷம் மெஷினுக்கு வைத்த கையோடு என் இரண்டு உள்ளங்கையிலும் குங்குமம் வைத்து, “இதுக்கும் ரெஸ்ட்டு” என்பார். அவர் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. அந்தக் குரலை இன்னும் ஒருமுறை கேட்க மாட்டோமா என்று இருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டில் அந்தப் பூஜையை என் மனைவி செய்கிறாள். மிக்ஸி, தையல் மெஷின், பேரனின் சைக்கிள் எல்லாம் முடிந்ததும் நானாகவே கையை நீட்டிவிடுவேன்.

“துரைக்கு விசா வாங்கிக் குடுத்த கை. விஜயதசமி வரைக்கும் எதையும் தொடாம இருக்கட்டும்” என்று சொல்லி, குங்குமத்தை அழுத்தி வைப்பாள்.