சித்திரையில் விதைத்த ஓட்ஸ்

எனக்குப் பொறாமை உண்டு. பொறாமையே கிடையாது என்று சொல்கிறவர்களுக்குச் சகலை இருந்திருக்க மாட்டார்.

என் சகலை பாஸ்கர், அதாவது என் மனைவி செல்வியின் அக்கா புருஷன், மணலியில் ஃபிட்டர். நான் ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் ஏற்றுமதி இறக்குமதி டாக்குமெண்ட் பார்க்கிறவன். இங்கிலீஷ் படிக்கிறவன், சட்டை கசங்காதவன். ஆனாலும் மாமனார் வீட்டில் ராஜா அவன்தான். காரணம், புல். சடையங்குப்பத்தில் மாமனாருக்கு நாலு கறவை மாடு, வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட் நிலம். ஷிஃப்ட் முடிந்ததும் பாஸ்கர் அங்கே போய்த் தீவனப்புல் வளர்ப்பான். அதுவும் ஆள் உயரத்துக்கு வளரும். (வளர்ந்தால் எனக்கென்ன? வயிறு எரிந்தது.)

"பாஸ்கரு கை வச்சா கல்லுல கூட புல்லு மொளைக்கும்" என்பார் மாமனார். மாமியார் அவனுக்கு வைக்கிற மீன் துண்டும் பெரியது. நான் அளந்து பார்த்ததில்லை, ஆனால் தெரியும்.

அந்த நேரத்தில்தான் ஒரு விதைக் கம்பெனியின் சரக்கைத் துறைமுகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தோம். சந்தோஷத்தில் அவர்கள் எனக்கு ஐந்து கிலோ ஓட்ஸ் விதையும் ஒரு நோட்டீஸும் தந்தார்கள். குளிர்நாட்டு வசந்தகால ரகம். நோட்டீஸை மூன்று நாள் மனப்பாடம் செய்து, ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் ஒப்பித்தேன்.

"மாமா, இது குட்டைத் தண்டு ரகம். காத்தடிச்சாலும் சாயாது. சீக்கிரம் முத்திடும். ஒரே சீரா விளையும். பூஞ்சை நோய் கிட்டவே வராது."

"அதெல்லாம் சரி மாப்ள, மாடு துன்னுமா? ஒண்ணு செனையா கீது. வைகாசி கடைசில கன்னு போட்ரும். பச்சத்தீனி கொறையக் கூடாது."

"குதிரையே தின்னுது மாமா!"

பாஸ்கர் மெதுவாகக் கேட்டான். "சகல, நம்மூரு வெயிலுக்கு இது தாங்குமா? எப்ப வெதைக்கணும்னு போட்டுக்கீது?"

நியாயமான கேள்வி. அதனாலேயே கோபம் வந்தது. "வசந்தகாலத் தொடக்கத்துல" என்று சொல்லிவிட்டு, சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்தேன். சித்திரை, வசந்த ருது என்று அச்சடித்திருந்தது. தேதித் தாளைக் கிழித்து அவன் கையிலேயே கொடுத்தேன். பஞ்சாங்கத்தை எதிர்த்து யார் பேசுவார்கள்?

"அப்ப பாதில போட்டுப் பாரு சகல, மீதில புல்லு இருக்கட்டும்" என்றான். முடியாது என்றேன். பாதி நிலத்தில் அவன் புல் நின்றால் பார்க்கிறவர்கள் ஒப்பிடுவார்கள் இல்லையா? கடைசியில் அவனே அரிவாளும் கடப்பாரையும் எடுத்து, தான் வளர்த்த புல்லை வேரோடு பெயர்த்து நிலத்தைத் தயார் செய்து கொடுத்தான். முகம் சுளிக்கவே இல்லை. அது எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

ஆறாம் நாள் முளைவிட்டது. நாற்பது போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். "சூப்பர் சகல" என்று முதல் ஆளாகப் பதில் போட்டவனும் அவனே.

அப்புறம் அக்னி நட்சத்திரம் வந்தது. ஆபீஸ் போகும் முன் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றினேன். பயிர் ஒரு சாண் வளர்ந்தது, யோசித்தது, நின்றுவிட்டது. பிறகு தேங்காய் நார் நிறத்துக்கு மாறியது. நோட்டீஸில் ஒரு பொய் கிடையாது என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். குட்டை, உண்மை. சாயவில்லை, சாய்வதற்கு உயரம் வேண்டுமே. மூன்றே வாரத்தில் முற்றிவிட்டது. ஒரே சீராக, ஒரே நாளில் மொத்தமும் செத்தது. பூஞ்சையும் வரவில்லை. அந்த வெயிலில் பூஞ்சைக்கு மட்டும் என்ன தலையெழுத்தா?

பச்சைத் தீவனம் இல்லாமல் பால் குறைந்தது. சினைமாட்டுக்கு விலா எலும்பு தெரிந்தது. "இன்னா மாப்ள, மாடு என்னியே துன்ற மாறி பாக்குது" என்றார் மாமனார். செல்வி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அந்த மாட்டைப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. அதற்கு ஏதாவது ஆகியிருந்தால் ஜென்மத்துக்கும் அந்த வீட்டு வாசலை மிதித்திருக்க மாட்டேன்.

மறுநாள் காலை பாஸ்கரின் பைக் வந்தது. பின்னால் பெரிய புல்கட்டு. மீஞ்சூரில் தெரிந்தவர் தோட்டத்தில் அறுத்ததாம். மாடு கன்று போடும் வரை தினமும் வந்தான். "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒருமுறை சொல்லியிருந்தால் சண்டை போட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். பாவி, சொல்லவே இல்லை.

நல்லபடியாகக் கிடாரிக் கன்று பிறந்தது. மாமனார் அதற்கு 'ஓட்ஸு' என்று பெயர் வைத்தார். "எங்க சின்ன மாப்ள வெள்ளாமைல வெளைஞ்சது இது ஒண்ணுதான்" என்று இன்றைக்கும் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

ஓட்ஸு இப்போது வளர்ந்து பால் கறக்கிறாள். போன வாரம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய் வாஞ்சையாகக் கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெருமுனையில் பாஸ்கரின் பைக் சத்தம் கேட்டதுதான் தாமதம், "அம்மா" என்று கத்தினாள்.